மூச்சு விடற இடம்

ஹலோ... ஹலோ... கேக்குதா? நான்தான்டா, அக்கா பேசறேன்... கடையில ஆளுங்க இருக்காங்களா... சரி, அவங்களை அனுப்பிட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்... இல்ல இல்ல, வைக்காத. வச்சுட்டு நீ திரும்பக் கூப்பிட்டா மணி அடிக்கும், அவருக்குக் கேட்டுடும்... குளிக்கறார்... ஆமா, உன் மாமாதான், எங்க வீட்டுல வேற யாரு குளிக்கப் போறாங்க. ஆவி பிடிச்சுட்டு வெந்நீர்ல குளிக்கச் சொல்லியிருக்காங்க, அதனால கொஞ்சம் நேரம் ஆகும். அதுக்குள்ள பேசி முடிச்சிடணும்.

ம்... அனுப்பிட்டியா? சரி, கேளு. அந்தப் பாட்டு எழுதற நோட்டேஷன் சாஃப்ட்வேர் விஷயம்தான்... ஆமா ஆமா, அஞ்சு கோடு போட்டு, மேலயும் கீழயும் பட்டன் தைச்ச மாதிரி புள்ளி வைக்கறாங்களே, அதேதான்... எது நம்ம கம்ப்யூட்டர்ல ஓடும்னு பாத்துச் சொல்றேன்னியே, பாத்தியா... என்னடா இழுக்கற. பாத்தியா இல்லையா...

பேசினாரான்னா? யாரு, மாமாவா? என்ன பேசணும்... எப்பவும் போலத்தான் இருக்கார். ரொட்டியைப் பால்ல ஊற வச்சுக் குடுத்தேன், பாதி சாப்பிட்டார், மீதியை எனக்குத் தெரியாம தொட்டியில கொட்டினார். தண்ணி திறந்துவிட்ட சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நினைப்பு. அதை விடு. நீ விஷயத்துக்கு வா.

அந்த ஒரு மாசம் சும்மா தர்றதா? அதை ஏன் கேக்கற. போன ஞாயித்துக்கிழமை அவர் டிப்போவுக்குக் கோரஸ் பிராக்டீஸுக்குப் போனார் இல்ல, அன்னைக்கு முழுக்க உக்காந்தேன்டா. சோறு தண்ணி இல்லாம உக்காந்தேன். அவர்கிட்ட பாடற டிக்கெட் கவுன்டர் அம்மா அவர் பாட்டை எழுதிக் குடுத்த பேப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, ஒவ்வொரு புள்ளியா, எலியைப் புடிச்சு இழுத்து இழுத்து வச்சேன்... மவுஸ்தான், நீ சிரிக்காத. முதல் குரல் முடிஞ்சுது. ரெண்டாவது குரல் பாதி. அப்புறம் சேவ் பண்ணலாம்னு போனா, காசு கட்டினாத்தான் சேவ் ஆகும்னு ஒரு பெட்டி வந்து நிக்குது... ஆமா, முதல்லயே எங்கயோ சின்ன எழுத்துல போட்டிருந்தானாம். எனக்கு எங்க தெரியும். துணியை வெட்டச் சொல்லிட்டு, வெட்டி முடிச்சப்புறம் கத்தரிக்கோலுக்கு வாடகை கேக்கற மாதிரி இருந்துச்சு. நான் என்ன பண்றதுன்னு தெரியாம கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாம அப்படியே விட்டுட்டு, மேல ஒரு போர்வையைப் போட்டு மூடி வச்சேன். சாயங்காலம் கரன்ட் போச்சு. எல்லாம் போச்சு.

அழலடா. அழுதா மட்டும் திரும்பி வந்துடுமா.

சரி, கம்ப்யூட்டர் விவரம் கேட்டே இல்ல, எழுதி வச்சிருக்கேன், இரு... ரேம் ரெண்டுன்னு போட்டிருக்கு... ரெண்டுதான்டா, இருபது இல்ல. நீ அசெம்பிள் பண்ணிக் குடுத்ததுதானே, எங்கிட்ட கேக்கற... ஆமா, அதே பெட்டிதான், பக்கத்து மூடி கழண்டு விழுந்து ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கோமே, அதேதான். ஆன் பண்ணா பஸ் கிளம்பற சத்தம் வருது. அதனாலதான் உன் மாமாவுக்கு அது மேல அவ்வளவு பாசம். புதுசு வாங்கலாம்னா, ஓடற வண்டியை எதுக்கு ஓரங்கட்டணும்னு கேப்பார்.

சொல்லு, எது எது இருக்கு... எல்லாரும் வச்சிருக்கறது... இலவசமா... சரி... புது வெர்ஷன் இதுல ஏறாதா. பழசு? பழசு ஏறும்... ஆனா?... குரல் சத்தம் போட்டா நின்னு நின்னு போகும். இழுக்கும். சரி... அடுத்தது... என்னது, எழுத்தா அடிக்கணுமா? புள்ளியே வைக்க வேண்டாமா, சும்மா டைப் அடிச்சா அதுவே கோடு போட்டுக்கும்... நல்லா இருக்கே. எந்தப் பெட்டியிலயும் ஓடுமா... சத்தம்? பாடாதா... அப்ப வேண்டாம். பேப்பர் எனக்கு எதுக்குடா? சத்தம்தான் வேணும்.

இல்ல, உனக்குப் புரியல. நான் திரும்பச் சொல்றேன், பொறுமையாக் கேளு. அவருக்கு நோட்ஸ் எழுதற பழக்கமே இல்ல. பாட்டைத் தலையிலதான் வச்சிருக்கார், நாலு குரலையும். டிப்போ பசங்க யாரு, டிரைவர், கண்டக்டர், கிரீஸ் கையோட வர்ற மெக்கானிக். அவங்கள்ல யாரு நோட்ஸ் படிக்கப் போறாங்க. அந்த டிக்கெட் கவுன்டர் அம்மா ஒருத்திதான் படிக்கத் தெரிஞ்சவ. மத்தவங்க எல்லாம் அவர் வாயைப் பாத்துத்தான் கத்துக்கறாங்க. முதல் வரிசைக்கு ஒரு வரி பாடுவார், அவங்க பாடுவாங்க. அடுத்த வரிசைக்குப் போவார். கடைசியா அடிக்குரல்காரங்க, அந்தத் தடியனுங்க கிட்ட போய்த் தரையைத் தட்டித் தட்டிப் பாடுவார். நாலையும் சேத்து ஒண்ணாப் போடும்போது, டயர் அடுக்கி வச்சிருக்கற அந்தக் கொட்டகையே... சரி, நீயும்தான் வந்து கேட்டியே.

வியாழக்கிழமைக்கு அப்புறம் யாரு பாடிக் காட்டுவா?

ம்... ம்... தெரியும்டா. நீயும்தானே என்கூட நின்ன, அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல. டாக்டர் என்ன சொன்னார்? கட்டியை மட்டும் எடுக்கறதா இருந்தா போன வருஷமே வந்திருக்கணும், இப்ப குரல்வளையை முழுசா எடுத்தாகணும், கழுத்துல ஓட்டை போட்டு அது வழியாத்தான் மூச்சு, பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. அப்படித்தானே சொன்னார். அவர்கிட்ட நானே சொல்லிக்கறேன்னு டாக்டரைக் கெஞ்சிட்டு வந்தேன்...

இல்ல... இன்னும் சொல்லல.

சொல்றேன்... எப்போன்னு கேட்டா? புதன்கிழமை ராத்திரி... இல்ல, அங்க போய் டாக்டரை வச்சுக்கிட்டு... தெரியலடா. வாயைத் திறந்தா வேற ஏதாவதுதான் வருது. நேத்து சொல்லலாம்னு போய் உக்காந்தேன், சட்டைப் பட்டன் லூசா இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பட்டனும் லூசா இல்ல. சின்னக் கட்டி, வெட்டி எடுத்துடுவாங்க, ரெண்டு மாசம் தொண்டை கரகரன்னு இருக்கும்னு சொல்லி வச்சிருக்கேன், அதையே நம்பிக்கிட்டு இருக்கார். சொன்னா வர மாட்டார். அந்த மனுஷன் படுக்கமாட்டார் அந்த ஆபரேஷன் டேபிள்ல. அதான் பயம். முதல்ல உள்ள கொண்டுபோய்ச் சேத்துடணும், அப்புறம் என்னைத் திட்டட்டும்... திட்டத்தான் குரல் இருக்காதே.

ஹலோ... லைன்ல இருக்கியா?

ரெக்கார்டிங்கா? அதான் நாலும் இருக்கே. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போது பசங்க சும்மா இருப்பாங்களே, தனித்தனியாப் பாடிக் குடுத்துட்டுப் போங்கன்னு சொல்லி வாங்கினேன். அடுக்களை ஸ்டூல்ல உக்காந்து, ஃபோனைச் சக்கரை டப்பா மேல சாத்தி வச்சுப் பாடினார். ஒண்ணு முடிச்சுட்டு இருமுவார், தண்ணி குடிப்பார், அடுத்தது... அதுதான்டா பிரச்சினையே. அந்தம்மா நாலையும் சேத்துப் போட்டுப் பாத்திருக்கா. சேரல. ரெண்டாவது முதலைவிடக் கொஞ்சம் கீழ. மூணாவது அதுக்கும் கீழ. அடிக்குரல் எங்கயோ போயிடுச்சாம். அவ ஃபோன்ல சொல்லும்போதே அழுதுட்டா. அக்கா, சாருக்குச் சுருதி இறங்குதுக்கான்னா. எந்த பஸ் ஹாரன் என்ன சுருதின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ற மனுஷன்டா அவர். டைம் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு, ஹாரனைக் கேட்டே எந்த வண்டி உள்ள வருதுன்னு எழுதுவார். அவருக்கு இறங்குது...

மெஷின்ல தூக்கி வைக்கலாம்தான், அதையும் கேட்டேன். தூக்கினா குரல் சின்னப் பையன் மாதிரி ஆகுதாம். அதோட ஒரே பாட்டுக்குள்ளயே ஆரம்பத்துல ஒரு அளவு, முடியும்போது ஒரு அளவு. கால் சட்டைக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. எதை எதோட வச்சுத் தைக்க? அதான் அந்தம்மா, நான் எழுதித் தர்றேன், ஏதாவது ஒரு சாஃப்ட்வேர்ல ஏத்திடுங்க, அது நாலையும் சரியான சுருதியில பாடும், பசங்க அதைக் கேட்டுக் கத்துக்குவாங்கன்னா. அவரும் கூட நின்னு கையை ஆட்டலாம். கை இருக்கு இல்ல. கையை யாரும் எடுக்கலையே.

அதனால சத்தம் அழகா இருக்கணும்னு எல்லாம் இல்ல. சுருதி சரியா இருந்தாப் போதும். விலை குறைஞ்சதா, நம்ம பெட்டியில ஓடறதா ஒண்ணு சொல்லு... போன தடவை மலிவா ஒண்ணு சொன்னியே, ஒரே தடவை காசு கட்டினாப் போதும்னு... அதான், அதுக்கென்ன... காலிங் பெல் மாதிரி இருக்குமா... இருந்துட்டுப் போகட்டும்டா. நான் அனுப்பின முதல் நாலு வரியை அதுல போட்டுப் பாத்தியா... பாத்துட்டியா. ஓடுது இல்ல? அப்ப அதையே...

திரும்பவும் என்ன, மாமா ஏதாவது பேசினாரா பேசினாரான்னு. என்ன பேசணும்கற நீ... சும்மா எவனாவது இப்படித் திரும்பத் திரும்பக் கேப்பானா...

இரு. தண்ணி நின்னுடுச்சு. வர்றார்.

...ஆமாடா, சிவப்பு மைதான் தீர்ந்துபோச்சு. கறுப்பு இருக்கு. பிரின்டர் சிவப்பே வர மாட்டேங்குது... ஏதாவது பேசு, உம்னாவது சொல்லு... ஆமா, பில்லுக்குத்தான்... என்னங்க? தம்பிதாங்க. பிரின்டர் மை சொல்லிக்கிட்டு இருந்தேன். தலையைத் துவட்டுங்க முதல்ல, ஈரம் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல... துண்டு கொடியில இருக்கு... என்ன? அவன்கிட்டயா... சரி, சொல்றேன்.

மாமா சொல்றார், நான் சொன்னதை அவனை மறந்துட வேண்டாம்னு சொல்லுன்னு. பால்கனிப் பக்கம் போறார்... போயிட்டார். கதவைச் சாத்திக்கிட்டார்.

என்ன சொன்னார் உங்கிட்ட?

நீ எப்போ பேசின அவரோட? ... நேத்தா? எங்கேருந்து... டிப்போவிலேருந்தா. எங்கிட்ட சொல்லவே இல்ல அவர். நீயும் சொல்லல. இவ்வளவு நேரம் பேசறேன், வாயில என்ன வச்சிருந்த... சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. மென்னு முழுங்காத.

ம்... ம்... கம்ப்யூட்டர்ல பாத்தாராமா... என்ன படம்... அந்த முப்பது நாள் சும்மா தர்றதோட சின்னப் படம், ஸ்க்ரீன்ல. நான் அதை எடுத்துப் போடல... எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியலடா, அப்படியே கிடந்துச்சு. அதைத் திறந்து பாத்திருக்கார்... சரி... பாட்டு எழுதற சாஃப்ட்வேரை உங்க அக்கா எதுக்கு வாங்கறான்னு கேட்டார். நீ என்ன சொன்ன... பசங்களுக்குன்னு. சரி, நல்லாத்தான் சொல்லியிருக்க... அப்புறம்...

போட்டுக் காட்டினியா?

எதை... ஃபோன்லயே வச்சு... அந்தக் காலிங் பெல்லையா போட்டுக் காட்டின? அவரோட பாட்டையா? நான் அனுப்பின நாலு வரியையா... அட கடவுளே. உன்னைச் சொல்லி என்ன. உன்கிட்ட குடுத்தேனே, என்னைச் சொல்லணும். நூல் தொங்கிக்கிட்டு இருக்கற சட்டையை எவனாவது போட்டுக் காட்டுவானாடா? காலர் வைக்கல, கை வைக்கல, அதுக்குள்ள இந்தாங்க பாருங்கன்னு... அவர் கேட்டார்னா? அவர் கேட்டா, மெஷின் ரிப்பேர்னு சொல்றதுக்கு என்ன கேடு? ரிப்பேர்க் கடைதானே வச்சிருக்க.

சரி. சரி. கத்தல. மெதுவாத்தான் பேசறேன். அப்புறம் என்ன சொன்னார்...

ம்...

ம்...

முழுசாவான்னு கேட்டாரா. முழுசா எடுக்கறாங்களான்னு... நீ என்ன சொன்ன... ஒண்ணுமே சொல்லலையா. சும்மா இருந்தியா... அது போதும்டா அவருக்கு. நீ சும்மா இருந்ததே பதில். ரெண்டு மாசத்துல குரல் வந்துடும்னா இவ எதுக்கு நாலையும் பதிவு பண்ணி வாங்கினான்னு அப்பவே யோசிச்சிருப்பார். ஸ்டூல்ல உக்காந்து பாடும்போது என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். நான் சக்கரை டப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

இன்னும் என்ன இருக்கு... இருக்கு, உன் மூச்சுலயே தெரியுது. சொல்லித் தொலை.

என்னது?

வரலைன்னா? வியாழக்கிழமையா? ... வரமாட்டேன்னு சொன்னாரா, இல்ல யோசிக்கறேன்னு சொன்னாரா... வரமாட்டேன்னு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டாரா... நாளைக்குச் சொல்றதா... அதுவரைக்கும் அக்காகிட்ட சொல்லாதன்னு. அதுதான் மறந்துட வேண்டாம்னு சொன்னதா... என் வாயாலேயே சொல்ல வச்சுட்டுப் போறார் பாரு.

இரு, நான் உக்காந்துக்கறேன்... இல்ல, ஒண்ணும் ஆகல. அதே ஸ்டூல்தான்.

ஏனாம்? ... அவர் சொன்ன மாதிரியே சொல்லு, நீ ஒண்ணும் சேக்காத...

...

இதுதான் எனக்கு அப்புறம் பாடப் போகுதுன்னா, இருக்கற வரைக்கும் நானே பாடிட்டுப் போயிடறேன். அப்படியா சொன்னார்... அதே வார்த்தையா... மூச்சே விடாமப் பாடுதேடா, அது பாட்டா, அடைச்ச குழாயான்னு கேட்டாரா.

ம்... 

இருக்கேன்... இருக்கேன்டா.

இருக்கற வரைக்கும்னா எத்தனை நாளைக்கு? அதைக் கேட்டியா அவரை? டாக்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா, விட்டா அது உள்ளயே வளந்து மூச்சையே அடைச்சுடும்னு. பாட்டுக்கு முன்னாடி மூச்சு போயிடும். படுத்தா இப்பவே சத்தம் வருது, நான் பக்கத்துல படுத்துக்கிட்டு அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். பாடிட்டுப் போறாராம். எங்க போறார்? நான் எங்க போறது? எனக்கு அவர் குரல் வேண்டாம்டா. எல்லாரும் அவர் குரல் குரல்னு உருகறீங்க, எனக்கு வேண்டாம். வாய் பேசாத புருஷன் போதும். சாப்பிட வாங்கன்னா வந்து உக்காந்தாப் போதும். பிடிக்கலைன்னா தட்டைத் தள்ளட்டும். எனக்கு அவர் வேணும்...

அழல. சளி.

இல்ல, நீ ஒண்ணும் சொல்லாத. ஆறுதல் எல்லாம் உன் கஸ்டமருக்குச் சொல்லு. எனக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லு. இருக்கறதுலயே எது மனுஷன் மாதிரி பாடும்? ... விலை நான் கேக்கல இப்ப. முன்னாடி கேட்டேன், இப்ப கேக்கல... அந்த இலவசமா, புது வெர்ஷனா... அதுல கோரஸ் குரல் தனியா ஏத்திக்கலாமா. ஆம்பளைக் குரல், பொம்பளைக் குரல் ரெண்டும்... நிஜ ஆளுங்க பாடி எடுத்ததா? அட, அதுக்குக் காசும் இல்லையா. அதைப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாதா நேத்து... ஆமா, ஆமா, எங்க பெட்டியில ஓடாது, நான்தான் மலிவா ஓடற மாதிரி கேட்டேன், ஒத்துக்கறேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ரேம் ரெண்டு, ரேம் ரெண்டுன்னு உயிரை எடுத்தேன்.

உன் கடைக் கம்ப்யூட்டர்ல ஓடுமா... ஓடும் இல்ல? அப்ப அதைத் தூக்கிக்கிட்டு வா... இன்னைக்குத்தான். நாளைக்கு அவர் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிடுவார். கடையைப் பூட்டு... எவன் வந்தா என்ன, வீட்டுல சாவு விழுந்தா பூட்டுவோம் இல்ல, அந்த மாதிரி பூட்டு. ஸ்பீக்கரும் எடுத்துக்கோ, நல்லதா, பெருசா. அந்தம்மாகிட்ட எல்லாப் பேப்பரும் இருக்கு, வர்ற வழியில அவளையும் கூட்டிக்கிட்டு வா. அவ சொல்லச் சொல்ல நீ ஏத்து. நாலு குரலும் ஏறணும். நாளைக் காலையில அவர் எழுந்து வரும்போது அவர் பாட்டு அவர் காதுல விழணும், அவர் தலையில இருக்கற மாதிரியே. அதைக் கேட்டப்புறமும் வரலைன்னா... அப்ப பாத்துக்கலாம்.

என்ன... அதுவும் மூச்சு விடாதா? நிஜ ஆளுங்க பாடினதுன்னியே... ஒவ்வொரு சத்தமா எடுத்து வச்சிருக்காங்களா, ஒட்டிப் பாடும்போது அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும்... அப்ப அதே அடைச்ச குழாய்தானே. என்னடா நீ. ஏதாவது வழி இருக்கும், யோசி. மனுஷங்கதானே பண்ணியிருக்காங்க, ஒருத்தனுக்குக் கூடவா பாடறவனுக்கு மூச்சு இருக்குன்னு தோணல...

என்னங்க.

எப்போ வந்தீங்க.

...இல்ல, மை... மை இல்லீங்க. பொய்தான். மை பத்திப் பேசல... எவ்வளவு நேரமா நிக்கறீங்க இங்க... தலை இன்னும் ஈரமா இருக்கு.

...ஹலோ, வைக்காத, இரு. அவர் நிக்கறார். கதவுல சாஞ்சுக்கிட்டு நிக்கறார்... தெரியல, எல்லாம் கேட்டிருப்பார்... என்னைப் பாக்கறார்.

என்னைத் திட்டுங்க. நான்தான் மறைச்சேன். சொன்னா வர மாட்டீங்கன்னு மறைச்சேன். இப்ப மட்டும் என்ன, தெரிஞ்சும் வர மாட்டேங்கறீங்க... ஏதாவது சொல்லுங்க, தொண்டை வலிக்கும்னா கையாலயாவது சொல்லுங்க...

என்ன? கேக்கல... இன்னொரு தடவை... அவனைக் கேக்கணுமா. சரி.

டேய், கேக்கறார்... மூச்சு நாம வச்சா எடுத்துக்குமான்னு கேக்கறார். அதுவா விடாது சரி, இந்த இடத்துல விடுன்னு நாம சொன்னா விடுமான்னு... பாரு, பாத்துச் சொல்லு. அவசரப்பட்டு எதையும் உளறாத, இந்தத் தடவை பாத்துட்டுச் சொல்லு...

...

இருக்கா? ... குறி இருக்கா... கமா மாதிரி. கோட்டுக்கு மேல ஒரு கமா. அதை வச்சா நிறுத்தி... எவ்வளவு நேரம் நிறுத்தணும்னும் நாமே சொல்லலாமா... நிஜமாத்தானே, என்கிட்ட சமாதானத்துக்குச் சொல்லலையே... திறந்து வச்சுப் பாத்துக்கிட்டே சொல்றியா. சரி.

இருக்குதாம்ங்க. கமா மாதிரி ஒரு குறியாம். எங்க வேணுமோ அங்க வச்சுக்கலாமாம். வச்ச இடத்துல நின்னு மூச்சு விட்டுட்டுப் போகுமாம்... ஆனா எங்க வைக்கணும்னு அதுக்குத் தெரியாதாம். யாராவது சொல்லணுமாம்... அந்தம்மாவுக்குத் தெரியாதுங்க. அவ ஒரு வரிசையில மட்டும் பாடறவ. நாலு வரிசைக்கும் எங்க எங்கன்னு உங்களுக்கு மட்டும்தான் தெரியும்...

ம்...

என்ன சொன்னீங்க?

...ஹலோ... அவர் ஏதோ சொன்னார். வியாழக்கிழமைக்குள்ள ஏத்திட முடியுமான்னு கேட்டார்... ஆமாடா. வியாழக்கிழமைக்குள்ளன்னு. அப்படித்தான் சொன்னார். நான் திரும்பக் கேக்கல, கேட்டா மாத்திச் சொல்லிடுவாரோன்னு பயமா இருக்கு... முடியும்னு சொல்லட்டுமா? முடியும்தானே? ... முடியுமாங்க. அவன் இப்பவே கிளம்பறானாம்.

என்ன தேடறீங்க... ஸ்டூலா? இந்தாங்க, நான் எழுந்துக்கறேன். உக்காருங்க... சக்கரை டப்பாவா? எதுக்கு... இது என் ஃபோன், இதுல அவன் லைன்ல இருக்கான். உங்களுது சார்ஜ்ல இருக்கு... வேண்டாமா? பதிவு வேண்டாம்... சரி.

டேய், அவர் உக்காந்துட்டார். பதிவு பண்ண வேண்டாம்கறார், குரல் இறங்குது, அது எதுக்குன்னு... ஷ்... இரு...

...

கேக்குதா உனக்கு? பாடறார். முதல் குரல்... இறங்குதுதான். எனக்கே தெரியுது இறங்கறது. துணி வெட்டற எனக்கே தெரியுது... இல்ல, இது வேற. கையை மேஜையில வச்சிருக்கார்... இதோ, தட்டினார். கேட்டியா? நிறுத்தி, மூச்சு எடுத்துட்டு, தட்டறார்... மறுபடியும். மூச்சு விடற இடத்துலதான்டா தட்டறார். இங்க, இங்கன்னு காட்டறார். என்னைப் பாத்துக்கிட்டே தட்டறார்...

பேனா... இங்கதான் ஒரு பேனா இருந்துச்சு... எதுல எழுதறது, இந்த ரொட்டிக் கவர்லயே... இல்லீங்க, நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, எழுதறேன்...

டேய், நீ பேசாத. இருக்கறது ஒரு கை. ஃபோனை வை.